யாருடன் யார் படிக்கிறார்கள்?

அமெரிக்காவில் தனியார் பள்ளிகளையும் அவற்றுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளிகளையும் ஒப்பிட முனைவோர் முதலில் எடுத்துப் பார்ப்பது மாணவர்களின் இனக்கணக்கை. அந்நாட்டுக் கல்விப் புள்ளிவிவர மையம் 2019ஆம் ஆண்டுக்குத் தரும் கணக்கின்படி, தனியார் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளையர்; அரசுப் பள்ளிகளில் அவர்கள் பாதிக்கும் குறைவு. கறுப்பின மாணவர்கள் அரசுப் பள்ளிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் என்றால் தனியார் பள்ளிகளில் ஒன்பது பேர். இதே கேள்வியை இந்தியாவில் கேட்பதானால் இனம் இருக்கும் இடத்தில் சாதியையும் சமயத்தையும் வைத்துக் கேட்க வேண்டும். திருவனந்தபுரத்தில் கேட்பதானால் கிழக்கேகோட்டையிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. பத்மநாப சுவாமி கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரத் தெருக்கள், தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் சாலைக்கடைத்தெரு, அதை ஒட்டிய கரிமடம் குடியிருப்பு, சற்றுத் தெற்கே முஸ்லிம்கள் மிகுந்த மணக்காடு என நடந்தே கடக்கக்கூடிய வட்டத்துக்குள் நகரத்தின் பெரும்பாலான சமூகங்கள் வாழ்கின்றன. அவர்களுடைய குழந்தைகளும் அதே அளவுக்கு அருகருகே அமர்ந்து படிக்கிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கேரளப் பள்ளிகள் மூன்று வகைப்பட்டவை. அரசே நடத்துபவை ஒருவகை. நிலமும் கட்டடமும் தனியாருடையதாகவும் ஆசிரியர் ஊதியம் அரசுடையதாகவும் இருக்கும் உதவி பெறும் பள்ளிகள், அதாவது பேச்சுவழக்கில் 'எய்டட் ஸ்கூல்' எனப்படுபவை, இரண்டாம் வகை. இவற்றின் உரிமையாளர் 'மேனேஜர்' என்று அழைக்கப்படுகிறார். கட்டணத்தால் மட்டுமே நடக்கும் 'அன்எய்டட்' பள்ளிகள் மூன்றாம் வகை. மத்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் ஆங்கில வழிப் பள்ளிகள் பெரும்பாலும் இதில் அடங்கும். தமிழ்நாட்டு வாசகர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது: மாநிலப் பாடத்திட்டத்தில் இயங்கும் ஏறக்குறைய 13,000 கேரளப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை எய்டட் வகையைச் சேர்ந்தவை. அரசா, தனியாரா என்று இரண்டாக மட்டும் பிரித்துப் பார்த்தால் இந்த மாநிலத்தின் பெரும்பாலான வகுப்பறைகள் பார்வைக்குத் தப்பிவிடும்.

இன்று அரசுப் பள்ளி என்றால் ஏழைகளின் பள்ளி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் நிலைமை நேர்மாறாக இருந்தது. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற ஆணை திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாயின் பெயரில் 1817இலேயே வெளிவந்திருந்தாலும், மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி பின்னாளில் பல்கலைக்கழகக் கல்லூரியாக வளர்ந்திருந்தாலும், சர்க்கார் பள்ளி என்பது சாதி இந்துக்களின் பிள்ளைகள், அதிலும் குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர்களும் நாயர்களும், அரசு உத்தியோகத்துக்குத் தயாராகும் இடமாகவே இருந்தது. உயர்பதவிகளில் 'பரதேசி' எனப்பட்ட வெளியூர்ப் பிராமணர்கள் நிறைந்திருப்பதை எதிர்த்து 1891இல் எழுந்த மலையாளி மெமோரியல் என்ற கூட்டு விண்ணப்பமும், ஈழவர்களுக்குப் பள்ளியும் வேலையும் மறுக்கப்படுவதை எதிர்த்து டாக்டர் பல்பு முன்னின்று 13,176 பேர் கையொப்பத்துடன் 1896இல் அளித்த ஈழவ மெமோரியலும் இந்த ஏற்பாட்டின் மீது எழுந்த வழக்குகளே. பள்ளியில் யார் அமர்ந்தார்கள் என்பதுதான் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், யார் அமர்ந்தார்கள் என்பதைத் தீர்மானித்தது.

கிறித்தவ மிஷன் பள்ளிகள் எல்லோருக்கும் திறந்திருந்தன என்ற பொதுவான எண்ணத்தையும் கோட்டைக்குள் நின்று சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. சேனானா மிஷன் பணியாளரான அகஸ்டா பிளாண்ட்ஃபோர்ட், ஆயில்யம் திருநாள் ஆட்சியில், 1864இல் கோட்டைக்குள்ளேயே பெண்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். சேனானா என்பது வீட்டுக்குள் பெண்கள் வாழும் பகுதியைக் குறிக்கும் சொல். அந்தப் பள்ளி உயர்சாதிச் சிறுமிகளுக்கானது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் கீழ்ச்சாதியினர் எனப்பட்டோர் கால் வைக்கவே முடியாத காலத்தில் கோட்டைக்குள் பள்ளி நடத்துவதானால் வேறு வழியும் இருந்திருக்காது. அதே திருவிதாங்கூரின் தென்கோடியில், நாகர்கோவில், நெய்யூர்ப் பகுதிகளில், லண்டன் மிஷன் சங்கத்தின் பள்ளிகளில் நாடார், சாம்பவர் பிள்ளைகள் எழுத்தறிந்து கொண்டிருந்தனர். நோக்கம் ஒன்றாக இருந்தும் பள்ளி நின்ற தெருவே மாணவரைத் தேர்ந்தெடுத்தது. இந்த விதி இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

புலையர் பிள்ளைகளுக்குச் சர்க்கார் பள்ளியைத் திறந்துவிடும் ஆணை 1910இல், திவான் ராஜகோபாலாச்சாரி காலத்தில் வந்தது. அதற்கு முன்பே 1904இல் வெங்ஙானூரில் தம் மக்களுக்கெனப் பள்ளி தொடங்கி அது எரிக்கப்பட்டதைக் கண்டவர் புலையர் தலைவர் அய்யன்காளி; 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை அமைத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்திய பின்னரே ஆணை கிடைத்தது. ஆணை கிடைத்தும் வாசல் திறக்கவில்லை. கிழக்கேகோட்டையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது எதிர்ப்பாளர்கள் பள்ளியையே கொளுத்தினர். தீயில் பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளி இன்றும் காத்து வைத்திருக்கிறது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகியோரின் பெயர் சூட்டப்பட்டது.

இந்த வரலாற்றை நீளமாகச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், இன்றைய நிலைக்கான திறவுகோல் இதில் இருப்பதுதான். ஒரு நூற்றாண்டுக்கு முன் உள்ளே இருந்தவர்கள் வாசலை மூடினார்கள். சட்டமும் போராட்டமும் வாசலைத் திறந்த பின், உள்ளே இருந்தவர்கள் மெல்ல மெல்ல வேறு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இது திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரிய போக்கன்று. வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனிப் பள்ளிகளில் வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்த பின், வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் சேர்ந்து படிப்பதைவிடப் பள்ளியே இல்லாதிருப்பது மேல் என்று முடிவுசெய்து, 1959 முதல் 1964 வரை தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடி வைத்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்கெனத் தனியார் பள்ளி உடனே எழுந்தது, கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஐந்தாண்டுப் படிப்பை இழந்தனர். கேரளத்தில் எவரும் இப்படி அறிவித்துச் செய்யவில்லை. இங்கே பிரித்தவை கட்டணம், ஆங்கிலம், வீட்டு வாசலுக்கு வரும் பள்ளிப் பேருந்து ஆகியவை. எவர் மீதும் பகைமை தேவைப்படாமலே அவை வேலையைச் செய்து முடித்தன.

நடுவில் நிற்கும் எய்டட் பள்ளிகளின் கதை வேறுவகையானது. அரசு மானியம் பெற்றுப் பள்ளி நடத்தலாம் என்ற வாய்ப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருச்சபைகளும், பின்னர் 1903இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமும் 1914இல் தோன்றிய நாயர் சர்வீஸ் சொசைட்டியும், 1964க்குப் பின் முஸ்லிம் எஜுகேஷனல் சொசைட்டியும் பயன்படுத்திக்கொண்டன. கேரளம் எழுத்தறிவில் முன்னேறியதற்கு இந்தச் சமூகப் போட்டி ஒரு முக்கியக் காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் நிலமும் முதலும் சங்க பலமும் உடைய சமூகங்கள் மட்டுமே இந்தப் போட்டியில் இறங்க முடிந்தது. பட்டியல் சாதி அமைப்புகளின் கையிலுள்ள எய்டட் பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி 1957இல் கொண்டுவந்த கல்வி மசோதா, எய்டட் பள்ளி ஆசிரியர்களை அரசுத் தேர்வாணையத்தின் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும் என்றது. அதற்கு எதிராகத் திருச்சபையும் மன்னத்து பத்மநாபனின் தலைமையில் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் இணைந்து நடத்திய விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) 1959 ஜூலை 31இல் மாநில அரசு கலைக்கப்பட்டதில் முடிந்தது. நியமன அதிகாரம் மேனேஜரிடமே தங்கியது. விளைவாக, ஊதியம் பொதுப்பணத்திலிருந்து போகும் இந்த ஆசிரியப் பணிகளில் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு இன்றுவரை இல்லை. மாணவர் வரிசையில் எல்லாச் சாதியும் ஓரளவு கலந்திருக்கும் எய்டட் பள்ளியில்கூட ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பெரும்பாலும் மேனேஜரின் சமூகத்தைத்தான் காண நேரும். பள்ளிகளின் சமூகக் கலப்பைப் பற்றிய விவாதங்கள் மாணவர் எண்ணிக்கையோடு நின்றுவிடுவது பெரிய குறை.

மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை கேரளத் திட்டக் குழுவின் பொருளாதார ஆய்வறிக்கை ஆண்டுதோறும் ஒரே படத்தைத் தீட்டுகிறது: பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் விழுக்காடு அரசுப் பள்ளிகளில் மிகுதி, எய்டட் பள்ளிகளில் அதைவிடக் குறைவு, அன்எய்டட் பள்ளிகளில் மிகக் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில மக்களில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு. அந்த அளவுகோலை அருகில் வைத்துப் பார்த்தால், கட்டணப் பள்ளிகளின் வகுப்பறை தான் நிற்கும் ஊரை எவ்வளவு குறைவாகப் பிரதிபலிக்கிறது என்பது தெரியும். எனினும் இந்தக் கணக்கு விளிம்பை மட்டுமே காட்டுகிறது. நாயர், ஈழவர், நாடார், லத்தீன் கத்தோலிக்கர், சிரியன் கிறித்தவர், முஸ்லிம் ஆகியோர் எந்தெந்தப் பள்ளிகளில் எவ்வளவு என்பது பொதுவாசகர் கைக்கு எட்டும் அட்டவணையாக வெளிவருவதில்லை. சேகரிக்கப்படும் விவரங்களும் எப்போதும் நம்பகமானவை அல்ல. ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை 1.23 லட்சம் மாணவர்கள் சாதி, சமயக் கட்டங்களை நிரப்பாமல் விட்டதாக 2018 மார்ச்சில் சட்டமன்றத்தில் கல்வி அமைச்சர் தெரிவித்தபோது நாடெங்கும் பாராட்டு எழுந்தது. சில நாட்களிலேயே, தங்கள் மாணவர்கள் சாதியைத் துறக்கவில்லை, கணினியில் பதிவேற்றும்போதுதான் அக்கட்டம் விடுபட்டது என்று பல பள்ளிகள் விளக்கமளித்தன.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேறொரு கணக்கையே உயிராக மதிக்கின்றனர். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணப்படும். அந்த எண்ணிக்கையை வைத்தே அவ்வாண்டு எத்தனை டிவிஷன்கள், எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்பது முடிவாகும். எண்ணிக்கை குறைந்தால் 'டிவிஷன் ஃபால்', அதாவது ஒரு பிரிவு ரத்தாகி ஓர் ஆசிரியர் பணியிடம் பறிபோகும். இதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் அரசு, எய்டட் பள்ளி ஆசிரியர்கள் வீடுவீடாக ஏறி இறங்கிப் பிள்ளை பிடிக்கிறார்கள், ஆங்கில வழிப் பிரிவு இருப்பதை அறிவிக்கும் பதாகைகளைக் கட்டுகிறார்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணத்தில் வேன் ஏற்பாடு செய்கிறார்கள். தனியார் பள்ளி எதைக் காட்டிப் பிள்ளைகளை ஈர்க்கிறதோ அதையே அரசுப் பள்ளியும் காட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது. 2017 ஜனவரியில் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் கட்டடங்களையும் கணினி வகுப்பறைகளையும் மேம்படுத்தியபின் சில ஆண்டுகள் சேர்க்கை கூடியது. கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் முதல் வகுப்புச் சேர்க்கை மீண்டும் சரிந்தது. குழந்தைப் பிறப்பே குறைந்துவருவதும் இதற்கு ஒரு காரணம்.

நகரின் நடுப்பகுதியில் மாணவர் குறைந்த பள்ளிக்கு நிலமே பகையாகிவிடுகிறது. கிழக்கேகோட்டைக்கு அடுத்த அட்டக்குளங்கரையில் நூறாண்டைக் கடந்த அரசு சென்ட்ரல் ஹைஸ்கூல் நிற்கிறது. 2010களின் தொடக்கத்தில் அதன் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பேருந்து நிலையமும் வணிக வளாகமும் கட்டத் திட்டமிட்டபோது, கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்டோர் மரங்களுக்காகவும் பள்ளிக்காகவும் சேர்ந்து போராடினர். படிக்க வருவோர் வசதியும் செல்வாக்கும் உடைய வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருந்தால் அப்படி ஒரு திட்டம் வரைபடத்தில்கூட ஏறியிருக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி.

ஒரு பள்ளி ஒரே சமூகத்தின் பள்ளியாகிவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிரை அரசு வெல்ஃபேர் எல்.பி. (தொடக்கப்) பள்ளி காட்டியது. அங்கே பல ஆண்டுகளாகச் சாம்பவர் சமூகத்துப் பிள்ளைகள் மட்டுமே படித்தனர். பிறர் தங்கள் குழந்தைகளை அருகிலிருந்த வேறு பள்ளிகளுக்கு அனுப்பினர். இச்செய்தி வெளியே வந்து சங்கடம் ஏற்படுத்தியபின், சில ஆசிரியர்கள் தம் சொந்தக் குழந்தைகளை அங்கே சேர்த்தனர். வெல்ஃபேர் என்ற பெயரே அது யாருக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி என்பதை அறிவித்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. 2023 நாங்குநேரி சாதி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து இத்தகைய அடையாளங்களை நீக்குமாறு 2024இல் பரிந்துரைத்தது. கேரள அரசும் அதே 2024 ஜூனில் பட்டியல் சாதிக் குடியிருப்புகளைக் 'காலனி' என்று குறிப்பதைக் கைவிட ஆணையிட்டது. பெயரை மாற்றுவது எளிது, செலவும் குறைவு. அடுத்த தெருக்காரர் தம் பிள்ளையை அங்கே சேர்ப்பாரா என்பதை ஆணையிட்டுச் செய்ய முடியாது.

சாலைக்கடைத்தெருவின் தமிழ்க் குடும்பங்களிடம் இந்தப் பிரிவினையில் மொழியும் ஓர் இழையாகச் சேர்கிறது. ஆ. மாதவனின் கதைகள் வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிந்த இந்தத் தெருவில் தமிழ் வழியில் கற்பிக்கும் அரசுப் பள்ளி உண்டு. ஆனால் வணிகத்தில் முன்னேறிய குடும்பம் பிள்ளைக்கு ஆங்கில வழிப் பள்ளியைத் தேடுகிறது. கேரளத்திலேயே வேலை தேட வேண்டிய குடும்பம் மலையாள வழியைத் தேடுகிறது. இரண்டுக்கும் போக முடியாதவர்களே தமிழ் வழியில் எஞ்சும்போது, மொழிச் சிறுபான்மையினரின் உரிமையாகக் கிடைத்த பள்ளி வசதியற்றோரின் பள்ளியாகக் குறுகிவிடுகிறது.

வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பறையில் அமர்த்தச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு ஈடுசெய்யும் என்கிறது. தமிழ்நாட்டில் பெற்றோர் 'ஆர்.டி.இ. சீட்' என்று விசாரித்து விண்ணப்பிக்கும் அளவுக்கு இது பழக்கமாகிவிட்டது. கேரளத்தில் அப்படி ஆகவில்லை. நடந்து போகும் தூரத்தில் அரசு, எய்டட் பள்ளிகள் போதுமான அளவு இருக்கும்போது தனியாருக்குப் பொதுப்பணத்தைக் கொடுப்பானேன் என்ற வாதம் அங்கே நீண்டகாலமாக மேலோங்கி நிற்கிறது. பணக்கணக்கில் இந்த வாதம் நியாயமானதே. அருகில் பள்ளி இருக்கிறதா என்ற கேள்விக்கு அது விடை தருகிறது. அங்கே யாருடன் யார் படிக்கிறார்கள் என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. இதே வழியில் விதிகளைத் திருத்திய கர்நாடகத்தின் முடிவை அம்மாநில உயர் நீதிமன்றம் 2019இல் ஏற்றது; மகாராஷ்டிரத்தின் திருத்தத்தைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் ரத்து செய்தது.

சேர்ந்து படிப்பதால் பயன் உண்டா என்பதற்குத் தில்லியிலிருந்து ஓர் உறுதியான சான்று கிடைக்கிறது. அங்கே 2007 முதல் பல தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. பொருளியலாளர் கௌதம் ராவ் இப்பள்ளிகளில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசுடன் கூடிய தொடர் ஓட்டப் பந்தயம் வைத்து, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையையோ மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளையையோ கூட்டாளியாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது கூடுதலாக இருந்தது. அவர்கள் பிறருக்குக் கொடுப்பதிலும் தாராளமாக இருந்தனர். மதிப்பெண்ணில் ஒட்டுமொத்தமாகப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறு சரிவு. ஆங்கிலத்துக்காகவே கட்டணம் கட்டும் பெற்றோர் அந்தச் சிறு சரிவைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதும் உண்மை.

கேரளத்தில் இன்னொரு தடையும் உண்டு. 2014 மே மாதத்துப் பிரமதி வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்தே விலக்களித்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் கிறித்தவப் பள்ளிகளில் படிப்போரில் 74 விழுக்காட்டினர் கிறித்தவர் அல்லாதோர். சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்திலும் நலிந்த பின்னணியைச் சேர்ந்த மாணவர் 8.76 விழுக்காடு மட்டுமே. அந்த ஆணையத்தின் அரசியல் சாய்வு குறித்துக் குறைகூறுவோர் உண்டு. ஆயினும் சமயத்தைக் கடந்து திறந்திருக்கும் வாசல் வருமானத்தின் முன் குறுகிவிடுகிறது என்பது இந்த எண்களில் தெளிவாகவே தெரிகிறது. பிரமதி தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பர் 1இல் இரு நீதிபதிகள் அமர்வு எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. அந்த விலக்கு நாளை நீங்கினாலும், அருகமைப் பள்ளி இருந்தால் போதும் என்ற நிலைப்பாட்டைக் கேரளம் கைவிடாதவரை, கரிமடத்துக் குழந்தை கிழக்கேகோட்டையைக் கடந்து போகும் மஞ்சள் பேருந்துகளில் ஏறுவதற்கு அது வழிசெய்யாது.